மலைக்குப் பட்ட கடன்

பத்துமலைக்குப் போகிறவர்கள் எல்லோரும் ஒரே பக்கமாகத்தான் போகிறார்கள். கோலாலம்பூர் சென்ட்ரலில் ரயில் ஏறி, கடைசி ஸ்டேஷனில் இறங்கி, கூட்டத்தோடு கூட்டமாக நடந்தால் போதும். எதிரே தங்க நிறத்தில் முருகன் நிற்கிறார். 42.7 மீட்டர் உயரம். பக்கத்தில் 272 படிகள். படியெங்கும் குரங்குகள். கையில் வாழைப்பழம் வைத்திருப்பவரை அவை முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடும்.

நானும் அந்தப் பக்கமாகத்தான் போனேன். மூச்சு வாங்க ஏறி, குகைக்குள் நின்று கும்பிட்டு, இறங்கி வந்து இளநீர் குடித்துக்கொண்டிருந்தேன். அழைத்துப்போயிருந்த அண்ணன் சிரித்தபடி கேட்டார்.

“சாமி பாத்தாச்சு. மலையைப் பாத்தீங்களா தம்பி?”

“மலை மேலதானே அண்ணே ஏறிட்டு வர்றோம்?”

“ஏறினீங்க. பாக்கலை. வாங்க.”

அவருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். தோட்டத்தில் பிறந்து, நகரத்தில் டாக்ஸி ஓட்டி ஓய்வுபெற்றவர். காரில் மலையைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனோம். அங்கே கோயில் இல்லை, மணிச் சத்தம் இல்லை. செங்குத்தான சாம்பல் நிறப் பாறைச் சுவர். அதில் பத்துப் பன்னிரண்டு பேர் பல்லிபோல ஒட்டிக்கொண்டிருந்தார்கள். இடுப்பில் பட்டை, அதில் கயிறு, முதுகுப்பக்கம் சின்னப் பை. பைக்குள் கையை விட்டு வெள்ளைப் பொடியை எடுத்துப் பூசிக்கொண்டு, விரல் நுனி மட்டுமே நுழைகிற ஓர் இடுக்கைப் பிடித்து மேலே போகிறார்கள். கீழே ஒருவர் கயிற்றைப் பிடித்தபடி அண்ணாந்து நிற்கிறார். அந்த இடத்துக்குப் பெயர் குவா டாமாய். டாமாய் என்றால் மலாயில் அமைதி.

1970-களிலிருந்தே இங்கே பாறை ஏறுகிறார்களாம். இன்று நூற்றுக்கும் மேற்பட்ட ஏறுபாதைகள் இருக்கின்றன. சனி, ஞாயிறு வந்தால் ஆபீஸ் போகிற இளைஞர்கள், கல்லூரி மாணவர்கள், வெளிநாட்டுக்காரர்கள் என்று பெரிய கூட்டம்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. முன்பக்கம் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறுகிறோம். பின்பக்கம் அதே மலையில் ஷூ காலோடு, பாறையில் ஓட்டை போட்டு போல்ட் அடித்து, விளையாட்டுக்கு ஏறுகிறார்கள். இது சரியா? அண்ணனிடமே கேட்டுவிட்டேன்.

அவர் உடனே பதில் சொல்லவில்லை. “அந்தப் பொண்ணைப் பாருங்க” என்றார். சுவரிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த ஒரு பெண், கயிற்றில் தொங்கியபடியே இடுப்பிலிருந்து ஒரு சின்ன பிரஷ்ஷை எடுத்து, தான் பிடித்த இடங்களைத் தேய்த்துத் துடைத்துக்கொண்டே இறங்கினாள். பொடி படிந்தால் அடுத்து ஏறுகிறவருக்கு வழுக்கும். அதனால் ஏறி முடித்தால் துடைத்துவிட்டுப் போவது அவர்கள் வழக்கம்.

முன்பக்கம் படியில் கிடந்த பிளாஸ்டிக் பாட்டில்கள் ஞாபகத்துக்கு வந்தன. என் கோபம் கொஞ்சம் வெட்கப்பட்டது.

ஒரு மலை யாருக்குச் சொந்தம்? கேள்வி சுலபமாகத்தான் தெரிகிறது. பதில் தேடினால் வரிசை நீண்டுகொண்டே போகிறது.

பத்துமலை என்றால் பத்தாவது மலை என்று விளக்கம் சொல்பவர்கள் உண்டு. இந்தியாவில் ஆறு படைவீடு, மலேசியாவில் நான்கு கோயில், ஆக மொத்தம் பத்து என்பார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ‘பத்து’ மலாய்ச் சொல். கல் என்று அர்த்தம். பக்கத்தில் ஓடும் ஆற்றின் பெயர் சுங்கை பத்து. அதிலிருந்து வந்த பெயர். ஆக, வெறும் கல்மலை.

இந்தக் குகை வாசல்களில் முதலில் ஒதுங்கியவர்கள் தெமுவான் என்ற பழங்குடி மக்கள். 1860-களில் சீனக் குடியேறிகள் வந்தார்கள். குகைக்குள் குவிந்திருந்த வௌவால் எச்சத்தை வெட்டியெடுத்துக் காய்கறித் தோட்டத்துக்கு உரமாகப் போட்டார்கள். 1878-இல் வில்லியம் ஹார்னடே என்ற அமெரிக்க இயற்கை ஆய்வாளர் வந்தார். அவர் எழுதிய பிறகு குகையின் புகழ் வெளியே பரவியது. அவர் ‘கண்டுபிடித்தார்’ என்று சில இடங்களில் எழுதியிருக்கிறார்கள். தொலைந்துபோகாத மலையைக் கண்டுபிடிக்க என்ன இருக்கிறது?

பிறகுதான் நம் ஆள் வருகிறார். தம்புசாமிப் பிள்ளை. சிங்கப்பூரில் பிறந்து, கோலாலம்பூரில் வியாபாரத்திலும் ஈயச் சுரங்கத்திலும் பெரிய ஆளாக இருந்தவர். ஊருக்குள் மகாமாரியம்மன் கோயிலை நிறுவியவரும் அவர்தான். குகையின் வாசல் அவர் கண்ணுக்கு வேல் மாதிரித் தெரிந்ததாகச் சொல்வார்கள். மலையைக் கண்டால் முருகனையும் காண்பது நமக்குப் பழக்கம்தானே! 1890-களின் தொடக்கத்தில் குகைக்குள் வழிபாடு ஆரம்பமானது. 1892 முதல் தைப்பூசம். 1920-இல் மரப்படி. 1940 வாக்கில் சிமென்ட் படி. 2006-இல் அந்தப் பெரிய சிலை.

பழங்குடிக்குக் கூரை, சீனருக்கு உரம், அமெரிக்கருக்கு ஆராய்ச்சி, தமிழருக்குச் சாமி, இன்றைய பிள்ளைகளுக்கு விளையாட்டு. ஒவ்வொருவரும் தனக்கு வேண்டியதை இந்த மலையில் பார்த்திருக்கிறார்கள், எடுத்துக்கொண்டார்கள். இதில் யார் எடுத்தது சரி, யார் எடுத்தது தப்பு?

இப்படி நான் கேட்டபோதுதான் அண்ணன் தன் அப்பாவைப் பற்றிச் சொன்னார்.

“எங்கப்பா இந்த மலையிலதான் தம்பி கல் உடைச்சாரு.”

பத்துமலையில் பல ஆண்டுகள் கல்குவாரி நடந்தது. வெடி வைத்துப் பாறையைப் பிளந்து, உடைத்து, லாரியில் ஏற்றி அனுப்பினார்கள். கோலாலம்பூர் வளர்ந்துகொண்டிருந்த காலம். ஊருக்குக் கல் வேண்டும். பக்கத்திலேயே ஒரு மலை நிற்கிறது. கேட்கவா வேண்டும்? அண்ணனின் அப்பா அங்கே கூலி. தினமும் சாயங்காலம் தலை, புருவம், மீசை எல்லாம் வெள்ளையாக வீட்டுக்கு வருவாராம். ‘எங்களுக்கு அப்பா முகமே குளிச்ச பிறகுதான் தெரியும்’ என்றார் அண்ணன்.

அதே அப்பா வருடம் தவறாமல் தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பார். ஒருமுறை, பதினைந்து வயதில், அண்ணன் கேட்டிருக்கிறார்: “ஏம்ப்பா, வேண்டுதல் ஒண்ணும் இல்லையே. எதுக்கு வருஷா வருஷம் எடுக்கறீங்க?”

அப்பா சொன்ன பதில்: “வருஷம் பூரா உடைக்கிறேன்ல? ஒரு நாளாச்சும் சுமக்க வேண்டாமா?”

காவடிக் கதை உங்களுக்குத் தெரியும். அகத்தியர் சொன்னதற்காக இடும்பன் இரண்டு மலைகளை ஒரு கழியின் இரண்டு முனைகளில் கட்டித் தோளில் தூக்கி வந்தான். களைத்துப்போய்ப் பழனியில் இறக்கி வைத்தான். மறுபடி தூக்கினால் மலை அசையவில்லை. அங்கே முருகன் நின்றிருந்தான். அப்புறம் சண்டை, மரணம், மறு உயிர். காவடி என்பது அந்த மலைகளின் ஞாபகம். தோளில் இருப்பது மயிலிறகும் பூவும் என்றாலும், கணக்குப்படி ஒரு பக்தன் சுமப்பது மலையைத்தான்.

அந்தக் கூலித் தொழிலாளி அதைப் புரிந்துவைத்திருந்தார். தான் உடைத்ததைத் தானே சுமந்து, அதன் மேலேயே ஏறியிருக்கிறார்.

கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. ‘என்ன மனுஷன் அண்ணே!’ என்றேன். அண்ணன் கலங்கவில்லை. பாறையைப் பார்த்தபடியே சொன்னார்: “பேச்சு நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா அவர் உடைச்ச பக்கம் திரும்பி வளரலையே.”

இந்த ஒரு வாக்கியத்தைத்தான் நான் ஊருக்கு எடுத்துவந்தேன். ரொம்ப நாளாக என்னோடு இருக்கிறது.

வளராது. சுண்ணாம்புப் பாறையின் கதை அப்படி. பல கோடி வருடங்களுக்கு முன்னால் ஒரு கடல். அதில் வாழ்ந்த சின்னஞ்சிறு உயிர்களின் ஓடுகள் அடியில் படிந்து, அழுந்தி, கல்லாகி, மேலே எழுந்தது. பத்துமலைப் பாறையின் வயது சுமார் 40 கோடி ஆண்டுகள் என்கிறார்கள். மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாகி, பாறையின் இடுக்கில் இறங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கிறது. அப்படி உண்டானதுதான் குகை. கரைந்த சுண்ணாம்பை அதே தண்ணீர் குகைக் கூரையில் சொட்டுச் சொட்டாக விட்டுவிட்டுப் போகிறது. அவைதான் கூரையிலிருந்து தொங்கும் அந்தக் கூம்புகள். பொதுவாக அவை ஒரு சென்டிமீட்டர் நீள நூறு வருடம்கூட ஆகலாம். கையால் தொட்டால், தோலில் இருக்கும் எண்ணெய்ப் பசை ஒட்டி, அந்த இடத்தில் வளர்ச்சியே நின்றுவிடலாம்.

தொட்டாலே நிற்கிற ஒன்றை வெடி வைத்தால் என்ன ஆகும்?

கோயில் குகைக்குப் பக்கத்தில் இருட்டுக் குகை என்று இன்னொன்று இருக்கிறது. சுமார் 2 கிலோமீட்டர் நீளம். அங்கே ஒரு சிலந்தி வாழ்கிறது. பத்துமலையின் பெயரையே விஞ்ஞானப் பெயரில் தாங்கியது: லிபிஸ்டியஸ் பத்துயென்சிஸ். சிலந்திக் குடும்பத்தின் மிகப் பழைய கிளையைச் சேர்ந்தது. வலை பின்னிப் பறப்பதைப் பிடிக்காது. வளைக்குக் கதவு போட்டுக்கொண்டு உள்ளே காத்திருக்கும். நமக்கு இது சாதாரணப் பூச்சி. அதற்கு இந்த மலைதான் உலகம்.

உலகம் போய்விட்டால்? பகாங் மாநிலத்தில் புக்கிட் பஞ்சிங் என்று ஒரு சுண்ணாம்புக் குன்று இருந்தது. ‘இருந்தது’ என்றுதான் சொல்ல வேண்டும். வெட்டி வெட்டித் தீர்த்துவிட்டார்கள். அந்த ஒரு குன்றில் மட்டுமே வாழ்ந்த, மில்லிமீட்டர் கணக்கில் அளக்கவேண்டிய ஒரு நத்தை இனம் குன்றோடு சேர்ந்து போய்விட்டது. பேராக் மாநிலத்தில் குனோங் கந்தான் என்ற இன்னொரு மலையில் 2014-இல் ஒரு புது நத்தைக்குப் பெயர் வைத்தார்கள். அந்த மலையில் குவாரி நடத்திய சிமென்ட் நிறுவனத்தின் பெயரையே வைத்தார்கள். ‘இதன் உயிர் உன் கையில் இருக்கிறது, உன் பெயரையே கொடுத்துவிட்டோம், இனியாவது காப்பாற்று’ என்கிற மாதிரி எனக்குத் தோன்றியது. கொலைகாரன் மடியில் குழந்தையைக் கிடத்துகிற புராணத் தந்திரம் மாதிரி!

சரி, சிமென்ட் கம்பெனி கெட்டவன், பக்தர்கள் நல்லவர்கள் என்று முடித்துவிடலாமா? முடித்தால் எனக்கு நிம்மதி. முடியவில்லை.

சிமென்ட் எதிலிருந்து வருகிறது? சுண்ணாம்புக்கல்லிலிருந்துதான். களிமண்ணோடு அரைத்து, 1,450 டிகிரி வரை சூடாக்குகிறார்கள். சுண்ணாம்புக்கல்லில் நூற்றுக்கு 44 பங்கு எடை கரியமில வாயுவாகக் காற்றில் போய்விடுகிறது. 50 கிலோ மூட்டை ஒன்று உங்கள் வாசலில் வந்து இறங்குகிறது என்றால், அதைவிட அதிக எடையுள்ள மலை எங்கோ காணாமல் போயிருக்கிறது.

பத்துமலை முருகன் சிலையும் கான்கிரீட்தான். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஒரு சுண்ணாம்பு மலையின் முன்னால் நாம் கும்பிடுகிற உருவம், வேறு ஏதோ ஒரு சுண்ணாம்பு மலையின் பொடியால் ஆனது. படிகளும் அப்படியே. 2018-இல் அந்தப் படிகளுக்கு வானவில் மாதிரி வண்ணம் அடித்தார்கள். முன் அனுமதி வாங்கவில்லை என்று அந்நாட்டின் தேசிய பாரம்பரியத் துறை கேள்வி எழுப்பியது. இன்று அந்த வண்ணத்தைப் படம் எடுக்கவே கூட்டம் வருகிறது. நான் குறை சொல்ல வரவில்லை, நானும் படம் எடுத்தேன். ஆனால் ஒன்று புரிந்தது. அன்பு இருந்தால் மட்டும் போதாது. ‘சாமிக்குத்தானே செய்கிறோம்’ என்கிற நினைப்பில் கேட்காமலே எடுத்துக்கொள்ளும் பழக்கம் நமக்கு உண்டு. விளையாட்டுக்கு ஏறிய பெண் துடைத்துவிட்டு இறங்கியதும் பக்திக்கு ஏறிய நான் துடைக்காமல் இறங்கியதும் ஒரே நாளில்தான் நடந்தன.

போல்ட் அடிப்பதும் காயம்தான். பிரபலமான பாதைகளில் ஆயிரம் கைகள் பிடித்துப் பிடித்துச் சுண்ணாம்புப் பாறை கண்ணாடிபோல வழுவழுப்பாகிவிடும். ஏறுகிறவர்களுக்குள்ளேயே, எங்கே அடிக்கலாம், எங்கே கூடாது என்று உலகம் முழுக்க விவாதம் நடக்கிறது. அந்த விவாதம் நடப்பதே ஒரு நல்ல அறிகுறி. கைபடாமல் ஒரு மலையோடு வாழ முடியாது. நான் எடுத்த பிறகும் அடுத்தவருக்கு மலை மிச்சமிருக்கிறதா என்றுதான் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. வழுவழுப்பான பிடியை இன்னொருவர் பிடிக்கலாம். தேய்ந்த படியில் இன்னொருவர் ஏறலாம். லாரியில் போன பாறையில் யாரும் ஏற முடியாது.

அதற்காக ‘கல்லையே தொடாதே’ என்று சொல்ல எனக்கு யோக்யதை இல்லை. அண்ணனும் அவர் உடன்பிறந்தவர்களும் சாப்பிட்டது அந்தக் குவாரிக் கூலியில். ஆஸ்பத்திரி வேண்டும், பள்ளிக்கூடம் வேண்டும், மழை ஒழுகாத கூரை எல்லோருக்கும் வேண்டும். நத்தைக்காக மனிதன் குடிசையிலேயே இருக்கட்டும் என்று மாடி வீட்டில் உட்கார்ந்துகொண்டு எழுதுவது அயோக்கியத்தனம்.

ஆனால் ஒரு வித்தியாசம் என்னை உறுத்துகிறது. அந்தக் கூலித் தொழிலாளிக்கு உறுத்தல் இருந்தது. எனக்கு இல்லை. ஏன்? அவர் தினமும் மலையைப் பார்த்தார். நேற்று இருந்த பாறை இன்று இல்லை என்று அவர் கண்ணுக்குத் தெரிந்தது. எனக்கு மலை மூட்டையாக வந்தது. உடைத்தவர் பட்டினி தீர உடைத்தார். அவரே பாவத்தையும் சுமந்தார். வாங்கியவர்கள் நாம். நம் கணக்கில் பாவமே ஏறவில்லை. தூரம் நம்மை எவ்வளவு சுத்தமாகக் கழுவிவிடுகிறது!

நான் வீடு கட்டியபோது ஒரு நோட்டுப் புத்தகம் போட்டு, இறங்கிய சிமென்ட் மூட்டைகளை ஒன்றுவிடாமல் எழுதினேன். ராத்திரி மூட்டை காணாமல் போய்விடுமோ என்று பயம். மலை காணாமல் போவது பற்றி ஒரு வரிகூட அதில் இல்லை. கட்டி முடித்ததும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. வீணாக்குவானேன் என்று கொல்லைப்புறம் முழுக்கக் கான்கிரீட் போட்டுவிட்டேன். மழைக்காலத்தில் சேறாகிறதாம். அவசியமா? இல்லை. வசதி, அவ்வளவுதான். தேவைக்கு எடுத்ததற்கும் சும்மா எடுத்ததற்கும் நடுவே ஒரு கோடு இருக்கிறது. அந்தக் கோடு எங்கே என்று வெளியே யாரையும் கேட்க வேண்டியதில்லை. கொல்லைப்புறத்துக் கதவைத் திறந்தால் எனக்குத் தெரிகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பத்துமலையில் குவாரி நின்றுவிட்டது. 1980-களிலேயே நிறுத்திவிட்டார்கள். அது தானாக நிற்கவில்லை. இயற்கை ஆர்வலர்கள் பல ஆண்டுகள் குரல் கொடுத்தார்கள். கோயில் இருந்ததும் மலைக்கு ஒரு துணை. 2012-இல் பக்கத்தில் 29 மாடிக் குடியிருப்பு ஒன்று வரவிருந்தபோதும் மக்கள் தெருவுக்கு வந்தார்கள். காவடி சுமப்பது மன்னிப்புக் கேட்பது. ‘போதும், நிறுத்து’ என்பது அதைவிடக் கஷ்டமான காரியம். அந்தத் தொழிலாளி தனியாக இருந்ததால் அவரால் முதலாவதை மட்டுமே செய்ய முடிந்தது. இரண்டாவதைச் செய்ய ஒரு ஊரே வேண்டியிருந்தது.

முதலில் மலைக்கு வந்த ஹார்னடேயைச் சொன்னேனே, அவர் ஒரு வேட்டைக்காரரும்கூட. 1886-இல் அமெரிக்காவில் அழியப்போகும் காட்டெருமைகளை, மியூசியத்தில் வைக்க மாதிரி வேண்டும் என்று சுட்டவர். அழிவு எவ்வளவு தூரம் போய்விட்டது என்பதைப் பார்த்த பிறகு, மிச்சமிருக்கிற எருமைகளைக் காப்பாற்றுவதற்கு முன்னால் நின்றவரும் அவரேதான். எடுத்த கையால் காக்கவும் முடியும். ஆனால் எடுத்ததைத் தன் கண்ணால் பார்த்திருக்க வேண்டும்.

திரும்பி வரும்போது அண்ணனிடம் கேட்டேன்: “அப்பா போன பிறகு நீங்க காவடி எடுக்கறீங்களா?”

“எடுக்கறதில்ல தம்பி. நான் கல்லு உடைக்கலையே” என்றார். கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு, சிக்னலில் நின்றபோது, தானாகவே சொன்னார்: “ஆனா வீடு கட்டியிருக்கேன். எடுக்கணும்தான், இல்ல?”

எனக்குப் பதில் தெரியவில்லை. விளக்கு பச்சைக்கு மாறியது. இருபுறமும் கட்டடங்கள் வானத்தைத் தொட்டுக்கொண்டு நின்றன. எல்லாமே ஒரு காலத்தில் எங்கோ மலையாக நின்றவை.

ஊருக்கு வந்து, கொல்லைப்புறத்தில் கிணற்றை ஒட்டி நாலடி அகலத்துக்குக் கான்கிரீட்டைப் பெயர்த்துப் போட்டிருக்கிறேன். மலை திரும்பி வராது, தெரியும். மழை மட்டும் மண்ணுக்குள் இறங்குகிறது.